ஆட்சேபணை இல்லாத தெரு

எக்கோவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது பள்ளிச் சான்றிதழோடு சேர்ந்து எந்தப் பெட்டிக்குள் கிடக்கிறதோ, அவனுக்கே தெரியாது. மைக்செட் தொழிலில் இறங்கிய நாள் முதல் அவன் எக்கோதான். எந்த அரசியல்வாதி மேடை ஏறினாலும் அவர் குரலில் இரண்டு சிட்டிகை எக்கோவைத் தூவிவிடுவான். "மக்களே" என்று அவர் சொன்னால் அது "களே... ளே..." என்று தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பும். தலைவர்களுக்குத் தங்கள் குரல் திரும்பி வருவதைப் போல இன்பம் வேறு ஏது? அதனால் கட்சி பேதமில்லாமல் எல்லாரும் அவனைத்தான் கூப்பிட்டார்கள்.

அவனுக்கு இன்னொரு வித்தையும் தெரியும். அதை அவன் விளம்பரம் செய்வதில்லை. கூட்டத்தில் எவராவது இழுத்துக்கொண்டே போனால் தலைவர் எக்கோவைப் பார்த்துக் கண்ணைக் காட்டுவார். குரலைப் பட்டென்று அறுத்தால், பேசுகிறவர் மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ" என்று ரகளை செய்வார். சபை மொத்தமும் திரும்பி மைக்செட்காரனை முறைக்கும். எக்கோ அப்படிச் செய்ய மாட்டான். மிக்ஸரில் அந்த மைக்கின் வால்யூமை இழை இழையாக இறக்குவான். பேசுகிறவர் காலடியில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரை மட்டும் தொட மாட்டான். தன் குரல் தனக்கு ஜம்மென்று கேட்பதால் அந்த ஆசாமி கையை வீசிப் பேசிக்கொண்டே இருப்பார். எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு மண்ணும் கேட்காது. கீழே இறங்கியதும் எக்கோவிடம் வந்து, "எப்படிப் பேசினேன்?" என்பார். "பின்னிட்டீங்கண்ணே" என்பான் இவன். கேட்டவருக்குப் பரம திருப்தி.

இந்த வித்தையை அவன் தன் அக்காவிடமே காட்டினான். சொல்லவே வாய் கூசுகிறது. ஆனால் நடந்தது அதுதான்.

அக்கா என்றால் ஏதோ உடன்பிறந்தவள் என்ற அளவில் இல்லை. அம்மா போனபோது அவனுக்குத் தானாகச் சோறு பிசைந்து சாப்பிடத் தெரியாது. அவள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவனை வளர்த்தாள். அப்பா கட்டிய அதே பின்தெரு வீட்டில்தான் இன்னும் இருக்கிறாள். முன்னறை இரண்டிலும் தொட்டில்கள். வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். சாயங்காலம் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். நாள் முழுக்கப் பொடிசுகளை அதட்டி அதட்டி அவளுக்கு மைக்கே தேவைப்படாத தொண்டை. அந்த வீடும் அந்தத் தொட்டில்களும்தான் அவளுக்கு எல்லாம். மாமா முதுகெலும்பில் அடிபட்டுப் படுத்தபிறகு குடும்பம் அதில்தான் ஓடியது.

அப்போதுதான் புல்லட் ரயில் வந்தது. ரயில் வரவில்லை, ரயிலைப் பற்றிய பேச்சு வந்தது. இரண்டு பெருநகரங்களுக்கு நடுவே பறக்கப் போகிற அந்த ரயில் இந்த ஊரில் நிற்கக்கூடாது, ஆனால் இந்த ஊரை இடித்துக்கொண்டு போகவேண்டும். ஊருக்கு அடியில் சுரங்கத்தில் வந்து, ஏதோ ஒரு தெருவில் வீடுகளை இடித்து மேலே ஏறும் என்றார்கள். ஊர் கொதித்தது. கவுன்சிலர் எதிர்ப்புக் குழுவுக்குத் தலைவரானார். அவருடைய கட்சிதான் மேலே இந்தத் திட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தது. கீழே அவர் அதே திட்டத்தை எதிர்த்துத் தொண்டை கிழியக் கத்தினார். மேலே கையெழுத்து, கீழே கத்தல், இரண்டுக்கும் ஒரே கரை வேட்டி. இதை அவரிடம் யாராவது கேட்டால், "அது கொள்கை, இது மக்கள்" என்பார். அதற்கும் எக்கோ எக்கோ போட்டுக் கொடுத்தான்.

கடைசியில் அரசு ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தது. தெருவுக்கு ஒருவர் பேசலாம். பின்தெருக்காரர்கள் ஒரே குரலில் அக்காவைத்தான் சொன்னார்கள். "உங்க தொண்டைக்கு ரயிலே பின்னாடி போயிடும்" என்றாள் எதிர்வீட்டுத் தையல்காரி. அக்கா ஒரு வாரம் தொட்டில்களுக்கு முன்னால் நின்று பேசிப் பழகினாள். கேட்ட குழந்தைகள் எல்லாம் தூங்கிப்போயின என்று அவளே சொல்லிச் சிரித்தாள்.

நகராட்சி மண்டபத்தில் கூட்டம். மைக்செட் எக்கோ. இந்தமுறை அவனைக் கூப்பிட்டது ரயில் கம்பெனி. மடிப்புக் கலையாத சட்டை போட்ட மேனேஜர் ஒருவர், அவனுடைய ஸ்பீக்கர்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கே. வழி நெடுக இந்த மாதிரி கூட்டம் இருக்கு. எல்லாம் நீங்களே பண்ணிடுங்க" என்று தோளில் கைவைத்தார். எக்கோ தரையில் நிற்கவில்லை. அன்றைக்கென்று வாங்கிய புதுச்சட்டையின் காலரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டான்.

விசாரணை அதிகாரி ஆரம்பத்திலேயே சொன்னார்: "இங்க பேசுறது எல்லாம் மைக் வழியா பதிவாகுது. பதிவுல இருக்கிறதுதான் ஆட்சேபணை. வெளியில கத்துறது, கோஷம் போடுறது எதுவும் கணக்குல வராது." எக்கோவின் மிக்ஸரிலிருந்துதான் அந்தப் பதிவுக்கு ஒயர் போயிருந்தது. அதைச் சொருகியவனே அவன்தான். ஆனால் அந்த நேரத்தில் அவன் அதிகாரியின் பேச்சைக் கேட்கவில்லை. மேனேஜர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மற்ற தெருக்காரர்கள் பேசி முடித்தார்கள். அக்கா மேடை ஏறினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மைக்கைப் பிடித்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் பின்தெரு. வீடுதானே, காசு குடுக்குறோம், வேற கட்டிக்கங்கன்னு சொல்றீங்க. எங்க அம்மா செத்தப்ப என் தம்பி சின்னப்பய. அந்த வீட்லதான் வளர்த்தேன். பத்து வயசு வரைக்கும் படுக்கையிலயே ஒண்ணுக்குப் போவான் சார்! தெனம் காலையில பாயைத் தூக்கிட்டுப் போய் மாடியில காயப்போடுவேன். தெருவே பாத்துச் சிரிக்கும். யாருன்னு நெனைக்கிறீங்க? இதோ புதுச்சட்டை போட்டுக்கிட்டு மைக் பாத்துக்கறானே, இந்தத் துரைதான்!"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. "இப்பவாவது நின்னுச்சாம்மா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். மறுபடி சிரிப்பு. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவரிடம் எக்கோவைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னார், அவரும் குலுங்கினார்.

எக்கோவுக்குக் காது மடல் எரிந்தது. பூமி பிளந்தால் ஸ்டாண்டோடு உள்ளே போய்விடலாம் என்றிருந்தது. இத்தனை பெரிய மனிதர்கள் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாளே! இன்னும் என்னென்ன சொல்வாளோ! அவன் கை தானாக மிக்ஸருக்குப் போனது. அன்று யாரும் கண்ணைக் காட்டவில்லை. அவனாகவே அக்காவின் குரலை இழை இழையாக இறக்கினான்.

அந்தச் சிரிப்பு, சபையைத் தன் பக்கம் திருப்ப அவள் போட்ட பிள்ளையார் சுழி. விஷயத்துக்கு அதற்குப் பிறகுதான் வந்தாள். காலடி ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றதால் எக்கோவுக்கு மட்டும் எல்லாம் கேட்டது. எத்தனை வீடுகள், எத்தனை படுக்கை நோயாளிகள், எத்தனை குழந்தைகள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். "சுரங்கத்துலதானே ரயில் வருது? எங்க தெருவுல மேல ஏத்தாதீங்க சார். கொஞ்சம் தள்ளி ஏத்துங்க. அங்க பழைய கிடங்குதான் இருக்கு, மனுஷன் யாரும் இல்ல" என்றாள். குரல் தழுதழுக்கவில்லை. மைக்கை நம்பித் தொண்டையை உயர்த்தாமல், தெளிவாக, யாருக்கும் கேட்காமல் பேசினாள்.

ஏற்றிவிடலாம் என்று எக்கோ நினைக்காமல் இல்லை. இந்த வரி முடியட்டும், இந்த வரி முடியட்டும் என்று இருந்தான். இடையில் மறுபடி பாயைப் பற்றி ஏதாவது சொல்லிவிடுவாளோ என்ற பயம். மண்டபத்தில் அதற்குள் சளசளவென்று பேச்சு கிளம்பிவிட்டது. டீ வந்தது. எல்லார் கவனமும் டீயில் போனது. அவள் கையெடுத்துக் கும்பிட்டபோதுதான் வால்யூமை ஏற்றினான். "நன்றி, வணக்கம்" மட்டும் மண்டபம் முழுக்க ஒலித்தது.

கீழே வந்தவள் முகமெல்லாம் வியர்வை. "எப்படிடா பேசினேன்?"

"நல்லா பேசினேக்கா."

"உன்னைக் கிண்டல் பண்ணினதுக்குக் கோவமா?"

"சேச்சே."

அவள் அவன் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

மழைக்காலம் முடிந்ததும் முடிவு வந்தது. நகராட்சி வாசலில் ஒட்டியிருந்தார்கள். ஆட்சேபணை சொன்ன தெருக்களுக்கு அடியில் ரயில் சுரங்கத்தில் போகும். அதில் கவுன்சிலர் வீட்டுத் தெருவும் ஒன்று. பின்தெருவில் மேலே ஏறும். காரணமும் போட்டிருந்தது: அந்தத் தெருவிலிருந்து ஆட்சேபணை எதுவும் பதிவாகவில்லை.

தெரு அக்கா வாசலில் வந்து நின்றது. "உன்னைத்தானே அனுப்பினோம்? மேடையில ஏறி உன் தம்பி ஒண்ணுக்குப் போன கதையைச் சொல்லிட்டு எறங்கிட்டியே!" என்றார் மருந்துக்கடைக்காரர். அவர் அன்று மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்தவர். "அப்புறம் வாய் அசைஞ்சுது, ஒண்ணும் கேக்கல. நான் என் காதால கேக்கல."

"பேசினேங்க! எல்லாத்தையும் பேசினேன்!"

"பேசினா பதிவுல இருக்கணுமே?"

அன்றைக்கே பேச்சு வேறு மாதிரி திரும்பியது. கம்பெனிக்காரன் அவளை விலை பேசிவிட்டான், மைக்செட் வேலை தம்பிக்கு, வாய்ப்பூட்டு அக்காவுக்கு என்றார்கள். ஊர் வாய்க்கு எந்த மிக்ஸரில் வால்யூம் இறக்குவது? பிள்ளைகளை விட்டுப் போகிறவர்கள் ஒவ்வொருவராக வராமல் நின்றார்கள். தையல்காரி தன் மகளைத் தூக்கிக்கொண்டு போகும்போது அக்காவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. தொட்டில்கள் காலியாகத் தொங்கின.

அக்கா எக்கோவின் கடைக்கு வந்தாள். ஸ்டூலில் உட்காரக்கூட இல்லை.

"அந்தப் பதிவு உங்கிட்ட ஒண்ணு இருக்கும்ல? போட்டுக் காட்டுடா. வீடு போனாக்கூடப் பரவால்ல. காசு வாங்கிட்டேன்னு சொல்றாங்கடா. தெருவுல நடக்க முடியல."

எக்கோ ஒரு ஸ்பீக்கரின் பின்பக்கத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. "அது அழிஞ்சு போச்சுக்கா."

"எப்படிடா அழியும்?"

"கம்ப்யூட்டர் மாத்தினேன்ல. அதுல போயிடுச்சு."

"சரி, விடு. உன்மேல என்ன தப்பு" என்றாள். அந்த வார்த்தை அவனை உயிரோடு உரித்தது. அவள் போனதும் பதிவைத் தேடி எடுத்து அழித்தான். அதுவரை அது பத்திரமாகத்தான் இருந்தது. ஒரு தடவையாவது கேட்டுப் பார்க்க அவனுக்குத் தைரியம் வந்ததில்லை.

ஆனால் அக்கா சும்மா இருக்கிறவளா? நேராகக் கவுன்சிலரிடம் போனாள். கவுன்சிலருக்கும் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. தன் தெருவைக் காப்பாற்றிக்கொண்டு பின்தெருவைக் காவு கொடுத்துவிட்டார் என்ற பேச்சு அவர் காதுக்கும் வந்திருந்தது. விசாரணை அதிகாரியின் அலுவலகத்தில் மனுப் போட்டுப் பதிவின் நகலை வாங்கினார். "தெருமுனையில கூட்டம் போடுவோம். ஊரறியப் போட்டுக் காட்டுவோம்" என்றார். மைக்செட்டுக்கு வேறு யார்? எக்கோதான்.

காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொள்ளலாமா என்று பார்த்தான். அக்காவே போன் செய்தாள். "நீதான் வரணும்டா. என் தம்பி போட்ட மைக்குல நான் பேசினது கேக்கணும். அப்பத்தான் இவங்க வாயை மூட முடியும்."

சாயங்காலம் தெருமுனை நிரம்பி வழிந்தது. பின்தெருக்காரர்கள் ஒருவர் விடாமல் வந்திருந்தார்கள். மாமாவைச் சக்கர நாற்காலியோடு தூக்கிவந்து முன்வரிசையில் வைத்திருந்தார்கள். அக்கா மேடையில், வெளுத்துத் தேய்த்த புடவையில், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கவுன்சிலர் பென்டிரைவை ஒரு வெற்றிக் கோப்பையைப் போல உயர்த்திக் காட்டிவிட்டு எக்கோவிடம் கொடுத்தார். எக்கோ அதைச் சொருகினான்.

அக்காவின் குரல் கணீரென்று வந்தது. எல்லாருக்கும் வணக்கம், நான் பின்தெரு. கூட்டம் அமைதியானது. பாய், மாடி, புதுச்சட்டைத் துரை. அன்றைய சிரிப்பும் பதிவில் இருந்தது. இன்று ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு அக்காவின் குரல் தேய்ந்தது. தேய்ந்து, தேய்ந்து, இல்லாமல் போனது. அதற்குப் பதில் விசாரணை அதிகாரியின் குரல் கேட்டது. பதிவுக்காக மட்டும் வைத்த அவர் மேஜை மைக் திறந்தே இருந்திருக்கிறது. "டீ சொன்னீங்களா? சர்க்கரை கம்மியா" என்றார் அவர். கரண்டி கலக்கும் சத்தம். யாரோ தும்மினார்கள். அவ்வளவு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கரண்டிச் சத்தத்தைக் கேட்டார்கள். கடைசியில் அக்கா திரும்ப வந்தாள்: "நன்றி, வணக்கம்."

"அழிச்சுட்டாங்க!" என்று கவுன்சிலர் துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா மக்களே! உங்க குரலை அழிச்சுட்டாங்க!" கூட்டம் ஓவென்று இரைந்தது. ஒரு கணம் எக்கோவுக்கு மூச்சு வந்தது. அரசாங்கத்தின் தலையில் போய்விட்டது, தப்பித்தோம் என்று நினைத்தான். அந்த நினைப்புக்காகவே அவனை நாலு சாத்தலாம்.

கவுன்சிலரோடு வந்திருந்த பெண் வக்கீல் எழுந்து கையமர்த்தினாள். "இருங்க சார். இது அழிச்சது இல்ல. அழிச்சிருந்தா டீ பேச்சும் சேந்து போயிருக்கும். இவங்க மைக்கை மட்டும் யாரோ இறக்கியிருக்காங்க. அதுவும் மெதுவா, வேணும்னே. இது நமக்கு நல்லதுதான். வேணும்னே இறக்கினாங்கன்னு நிரூபிச்சா மறு விசாரணை கேக்கலாம், தெருவைக் காப்பாத்திடலாம். இறக்கினவன்மேல கேஸும் போடலாம்." பிறகு சாதாரணமாகக் கேட்டாள்: "அன்னைக்கு மைக் யாரு?"

ஒரு தலை திரும்பியது. பிறகு எல்லாத் தலைகளும் திரும்பின.

எக்கோவின் பக்கத்தில் ஒரு மைக் இருந்தது. ஆமாம், நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தெரு பிழைத்திருக்கும்; வீடு பிழைத்திருக்கும்; அக்கா தலைநிமிர்ந்து நடந்திருப்பாள். அது அவனுக்குத் தெரியாமல் இல்லை. அவன் மைக்கைத் தொடவில்லை. கேஸ், போலீஸ், கடை, இத்தனை ஜனம். நிமிர்ந்து மேடையைப் பார்த்தான். அக்கா அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ கூட்டங்களுக்கு அவனோடு போயிருக்கிறாள். ஒயர் சுருட்டிக் கொடுத்திருக்கிறாள். அந்த வித்தையைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறாள். குரல் தேய்ந்த விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துபோயிருக்கும். அவள் முகத்தில் கோபம் இல்லை. பாயை ஈரமாக்கிவிட்டு மூலையில் நிற்கும் பையனைப் பார்க்கிற பார்வைதான் இருந்தது.

அவள் எழுந்து மைக்குக்கு வந்தாள்.

"யாரும் இறக்கல" என்றாள். குரல் எழும்பவில்லை. பின்னால் இருந்தவர்கள் "கேக்கல, கேக்கல" என்று கத்தினார்கள். எக்கோவின் கை, பழகிய கை, தானாகப் போய் வால்யூமை ஏற்றியது.

"யாரும் இறக்கலீங்க. நான்தான் பேசல. தம்பி கதையைச் சொன்னேன், எல்லாரும் சிரிச்சீங்க. அம்மா ஞாபகம் வந்துடுச்சு. அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. மைக்கை விட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு வாய்க்குள்ளயே முனகிட்டு நின்னேன். அப்புறம் வணக்கம் சொல்லிட்டு எறங்கிட்டேன். பேசினேன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன். வெக்கமா இருந்துச்சு. அவன் மேல எந்தத் தப்பும் இல்ல."

கடைசி வரிசை வரைக்கும், தெரு தாண்டி மருந்துக்கடை வரைக்கும் ஒவ்வொரு எழுத்தும் துல்லியமாகக் கேட்டது.

வக்கீல் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தாள். "அப்ப ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள். கவுன்சிலர் அக்காவை விட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். "நல்லா இருப்பியா நீ!" என்று தையல்காரி அலறினாள். "நம்பி அனுப்பினோமேடி!" மருந்துக்கடைக்காரர் காறித் துப்பிவிட்டு நடந்தார். முன்வரிசையில் மாமா கண்ணை மூடிக்கொண்டார். நாற்காலியைத் தூக்கிவந்தவர்கள் அதை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள்.

கூட்டம் கலைந்தபிறகு அக்கா மேடையிலிருந்து இறங்கினாள். மிக்ஸர் மேஜை அருகில் வந்ததும் நின்றாள்.

"எல்லாருக்கும் கேட்டுச்சாடா?"

எக்கோ தலையைக் குனிந்தபடி, "கேட்டுச்சுக்கா" என்றான்.

அவள் மாமாவின் நாற்காலியைப் பின்னாலிருந்து பிடித்துத் தள்ளினாள். அது மேட்டில் ஏறாமல் திக்கியது. மறுபடி தள்ளினாள். தெரு முழுக்க ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள், ஒருவரும் கைகொடுக்கவில்லை. எக்கோ ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.